எடை குற்றமல்ல, பரப்புதான் போதவில்லை!
(ஸ்னோ பைக்குக்கு டிராக் நீளம் தேர்ந்தெடுக்கும் கணக்கு)



மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஒரு தொழில்நுட்பக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். "நாங்க இதுவரைக்கும் பார்க்காத வண்டியா இருக்கணும்ணே" என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. நம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, பல ஊர் சுற்றி, இப்போது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு மலையூர்ப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். குளிர்காலம் முழுக்க எங்கள் பட்டறைக்கு வருபவை பனியில் ஓடும் வண்டிகள்தாம். அவற்றில் ஒன்று ஸ்னோ பைக். அதை வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக உடல் கனத்தவர்கள், தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "என் எடைக்கு எத்தனை அங்குல டிராக் வேண்டும்?"

இந்தக் கேள்வி எனக்கும் சொந்தமானதுதான். என் எடை 108 கிலோ. விடுதியில் எனக்கு வைத்த பட்டப் பெயர் 'புல்டோசர்'. ஆகவே ஓட்டுநர் என்ற முறையிலும் மெக்கானிக் என்ற முறையிலும் இதற்குப் பதில் எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஸ்னோ பைக் என்பது என்ன?

மண் பாதையில் ஓட்டும் டர்ட் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 450 சி.சி. வண்டி. முன் சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் ஓர் அகலமான ஸ்கீயைப் பொருத்துகிறார்கள். பின் சக்கரத்தையும் ஸ்விங் ஆர்மையும் கழற்றிவிட்டு, அதே பிவட்டில் ஒரு டிராக் கிட்டை மாட்டுகிறார்கள். இன்ஜின் ஸ்பிராக்கெட்டிலிருந்து வரும் செயின் இந்தக் கிட்டின் தண்டைச் சுழற்றும். அது ரப்பர் டிராக்கை ஓட்டும். வண்டி பைக்கைப் போலவே சாய்ந்து திரும்பும். இரண்டு ஸ்கீ வைத்த அகலமான ஸ்னோமொபைல் நுழைய முடியாத மர இடுக்குகளில் இது நுழைந்துவிடும். அதுதான் இதன் கவர்ச்சி.

இப்படிப்பட்ட கிட்டுகளைப் பரவலாக்கியதில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சான்ட்பாயின்ட் ஊரில் தோன்றிய டிம்பர்ஸ்லெட் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2015இல் பொலாரிஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2017இல் கொலராடோ மாநிலம் ஆஸ்பனில் நடந்த குளிர்கால எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஸ்னோ பைக் பந்தயம் முதல் முறையாக இடம்பெற்றது. கனடாவின் பிராக் ஹோயர் அதில் தங்கம் வென்றார்.

கிட்டுகளின் விவரத்தாளைப் புரட்டினால் 120, 129, 137 என்ற எண்களே திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இவை அங்குலங்கள். இந்த மூன்றில் எது என்பதுதான் நம் கேள்வி.

120 என்றால் எது 120?

கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் '120 அங்குல டிராக்' என்றால் பனியின் மேல் 120 அங்குலம், அதாவது பத்து அடி படிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஃபேன் பெல்ட்டை எப்படி அளக்கிறோம்? முழு வளையத்தின் சுற்றளவைத்தானே சொல்கிறோம்? இதுவும் அப்படியே. வளையத்தின் மேல் பாதி காற்றில் திரும்பி வந்துகொண்டிருக்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் வளைவில் போய்விடும். அடியில் தட்டையாகப் பனியை அழுத்தும் பகுதி மிகக் குறைவு. கிட்டுக்குக் கிட் இது மாறும் என்பதால் நாடாவால் அளந்து பார்ப்பதே சரி. நம் கணக்குக்கு, 120 அங்குல டிராக்கில் அடிப்பகுதி 45 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு நுட்பம். டிராக்கை 120இலிருந்து 137 ஆக்கினால் 17 அங்குலம் கூடுகிறது. முன்பின் வளைவுகள் அப்படியே இருப்பதால், கூடிய நீளத்தில் பாதி மேலே போகும், பாதி கீழே வரும். ஆக, பனியில் படியும் நீளம் 8.5 அங்குலம் கூடி 53.5 ஆகிறது. பெயரில் கூடியது 14 சதவீதம். பனியில் கூடியதோ 19 சதவீதம்! விவரத்தாளில் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் களத்தில் பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

மூழ்குவது ஏன்?

பனியைப் பற்றிப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு விவரம். எங்கள் பகுதியில் ரெவல்ஸ்டோக் ஊருக்கு அருகே உள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் மட்டும் 24.47 மீட்டர் பனி பெய்து கனடாவின் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய எட்டு மாடிக் கட்டட உயரம். பெய்த பனி நாளாக நாளாக அமுங்கும் என்றாலும், புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரிதான். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ எடையுள்ளது. அதே அளவு புதுப் பனி 50 முதல் 100 கிலோதான் இருக்கும். மீதியெல்லாம் காற்று.

இந்தப் பஞ்சு மெத்தையின் மேல் எதை வைத்தாலும், தாங்குமளவு பனி கெட்டியாகும் வரை அது அமுங்கிக்கொண்டே போகும். எவ்வளவு அமுங்கும் என்பதை முடிவு செய்வது மொத்த எடை அல்ல, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் எடை. முதலாமாண்டிலேயே படித்த பாடம்தான்: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது.

நம் ஊர் டெல்டாவில் இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சேற்று உழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். ஈரம் காயாத வயலில் நெல் அறுக்க டயர் வண்டியை இறக்காமல் பெல்ட் வண்டியை இறக்குகிறார்கள். பெல்ட் வண்டி எடை குறைந்தது என்பதற்காகவா? இல்லை, எடையைப் பரப்பி வைக்கிறது என்பதற்காகத்தான். 80 கிலோ மனிதன் நடக்கும்போது ஒரு பூட்ஸ் காலின் 250 சதுர செ.மீ. பரப்பில் முழு எடையும் இறங்குகிறது. சதுர செ.மீ.க்கு 320 கிராம். சேற்று நிலத்துக்கென்று அகலமான டிராக் போட்டுச் செய்யும் புல்டோசர்களின் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான். அத்தனை டன் எடையுள்ள இயந்திரம் ஒரு மனிதன் காலடி மாதிரி நடந்துபோகிறது! எனக்குப் பட்டப் பெயர் வைத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது நம் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிட் மாட்டிய வண்டி 155 கிலோ. ஓட்டுபவரின் உடை, ஹெல்மெட், முதுகுப்பை எல்லாம் 10 கிலோ. டிராக் அகலம் 11 அங்குலம். மொத்த எடையில் 15 சதவீதத்தை முன்னால் உள்ள ஸ்கீ தாங்குகிறது, 85 சதவீதம் டிராக்கின் மேல் விழுகிறது. இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

முதலில் 70 கிலோ ஓட்டுநர், 120 அங்குல டிராக். மொத்தம் 235 கிலோ. டிராக்கின் பங்கு 200 கிலோ. பரப்பு 45 x 11 = 495 சதுர அங்குலம், அதாவது 3,194 சதுர செ.மீ. அழுத்தம் சதுர செ.மீ.க்கு 63 கிராம்.

இரண்டாவதாக 110 கிலோ ஓட்டுநர், அதே 120. மொத்தம் 275. டிராக்கின் பங்கு 234 கிலோ. அழுத்தம் 73 கிராம்.

மூன்றாவதாக அதே 110 கிலோ ஓட்டுநர், 129 அங்குல டிராக். கிட் எடை 2 கிலோ கூடுகிறது என்று வைத்தாலும் அழுத்தம் 67 கிராம்.

நான்காவதாக அவரே 137 அங்குல டிராக்கில். கிட் 4 கிலோ கூடுதல். பரப்பு 3,797 சதுர செ.மீ. அழுத்தம் 62 கிராம் சொச்சம்.

பார்த்தீர்களா? 110 கிலோ ஆள் 137இல் ஏறினால், 70 கிலோ ஆள் 120இல் போகிற அதே அழுத்தத்தில் போகிறார். 40 கிலோ வித்தியாசத்தை 17 அங்குலம் ஈடுகட்டிவிட்டது. மனத்தில் வைத்துக்கொள்ள எளிதாகச் சொன்னால், 10 கிலோ எடைக்கு ஏறத்தாழ 4 அங்குல டிராக். நான் பட்டறையில் வாய்க்கணக்காகச் சொல்வது இதைத்தான்.

'நீளத்தைக் கூட்டுவதற்குப் பதில் அகலத்தைக் கூட்டினால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. ஆனால் இது சாய்ந்து திரும்பும் வண்டி. அகலம் கூடக் கூடச் சாய்ப்பது கடினம். பைக்கின் குணமே போய்விடும். 'பற்களின் உயரத்தைக் கூட்டினால்?' அதுவும் மிதக்க வைக்காது. டிராக்கில் இரண்டரை, மூன்று அங்குல உயரத்துக்கு நிற்கும் ரப்பர் பற்கள் பனியைப் பிடித்துத் தள்ளுவதற்கு உள்ளவை. தாங்குவது தட்டையான பரப்பு. தாங்குவதற்குப் பரப்பில்லாமல் பல் மட்டும் பெரிதாக இருந்தால், வண்டி முன்னே போவதற்குப் பதில் கிணறு வெட்டும்!

மேட்டில் ஏறும்போது

நீளத்தின் இன்னொரு பயன் ஏற்றத்தில் தெரியும். சமதரையில் வண்டி, ஆள் இருவரின் மொத்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 77 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 30 டிகிரி சரிவில் ஏறும்போது அந்த மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு சுமார் 44 செ.மீ. பின்னால் போய் விழும். அந்தக் கோடு டிராக்கின் வால் முனையைத் தாண்டினால் ஸ்கீ மேலே எழும்பி, வண்டி மல்லாந்துவிடும். ஆளின் எடை வண்டியின் எடையைவிட உயரத்தில் இருப்பதால், கனமான ஆள் ஏறினால் மொத்த மையம் இன்னும் சில செ.மீ. மேலே போகும், கோடு இன்னும் பின்னால் விழும். ஆக, கனமானவருக்கு மேட்டில் வண்டி தூக்கும் அபாயம் அதிகம். 137 டிராக் அடியில் 8.5 அங்குலம், அதாவது சுமார் 22 செ.மீ. கூடுதலாகப் படிவதால் அந்த அபாயம் பெருமளவு குறைகிறது.

நீளம் கூடினால் போவது என்ன?

எதுவும் இலவசமாக வராது. நீளமான டிராக்கைச் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். 450 சி.சி. இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன் தருகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டியில் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். கைக்கு வருவது 40தான். அதனால் 250 சி.சி. வண்டியில் 137 மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறேன் என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். இன்ஜின் மூச்சு வாங்கும். டிராக் வேகம் குறைந்தால் வண்டி மூழ்கும். மிதப்பதற்காக நீளம் வாங்கி, வேகம் இல்லாமல் மூழ்குவது வீண் செலவு.

இரண்டாவது, திருப்பம். நீளமான டிராக் நேராகப் போகவே விரும்பும். நெருக்கமான மரங்களுக்கிடையே வளைந்து போக 120தான் சுகம். ஆனால் இங்கே கனமானவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஸ்னோ பைக்கை வெறும் ஹேண்டில்பாரால் திருப்ப முடியாது. ஃபுட்ரெஸ்டில் எடையைப் போட்டுச் சாய்க்க வேண்டும். 60 கிலோ ஆள் போராடிச் சாய்க்கும் நீள வண்டியை 110 கிலோ ஆள் ஒரு பக்கம் மிதித்தே சாய்த்துவிடுவார். நீள டிராக்கின் குறை, அதை அதிகம் தேவைப்படுபவருக்கே குறைவாக உறைக்கிறது!

மூன்றாவது, கெட்டிப் பனி. வண்டிகள் ஓடி இறுகிய பாதையிலும் பந்தயத் தடத்திலும் மிதக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கே மட்டும் ஓட்டுகிறவர் எவ்வளவு கனமானாலும் 120 போதும். அதோடு டிராக்கின் உட்புறம் ரெயிலின் பிளாஸ்டிக் பட்டை மேல் உராய்ந்துதான் ஓடுகிறது. அதைக் குளிரவைப்பது உள்ளே தெறிக்கும் தூள் பனி. கெட்டிப் பாதையில் தூள் பனி கிடைக்காது. பட்டை சூடாகித் தேயும்.

எடையை எப்படிப் பார்ப்பது?

சென்ற குளிர்காலத்தில் மர ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்தார். வண்டியை விற்றுவிடப் போகிறேன் என்றார். காரணம் கேட்டால், "நான் குண்டு, இது எனக்கான விளையாட்டு இல்லை" என்று தலை குனிந்துகொண்டார். நண்பர்களோடு போன இடங்களில் எல்லாம் அவர் மட்டும் புதைந்திருக்கிறார். மற்றவர்கள் இறங்கி வந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். நாலாவது தடவை யாரும் சிரிக்கவில்லையாம். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்திருக்கிறது. அவருக்கு விற்ற கடையில் எடையைக் கேட்கவே இல்லை. கையிருப்பில் இருந்த 120ஐக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அவரை முழு உடையோடு, பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப்பை சகிதம் எடைமேடையில் ஏறச் சொன்னேன். வீட்டு எடை 118. மேடையில் காட்டியது 131. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். 120இல் அவருடைய அழுத்தம் சதுர செ.மீ.க்கு 76 கிராம், 137இல் 65. பழைய கிட்டை விற்று, பயன்படுத்திய 137 கிட் ஒன்றை வாங்கினார். ஸ்பிரிங்கையும் அவர் எடைக்கு மாற்றினோம். மாயமந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் புதைகிறார், மற்றவர்கள் புதைகிற அளவுக்கு! அவர் கேட்டது அவ்வளவுதான்.

இது வெறும் மான அவமானப் பிரச்சினையும் அல்ல. ஆழப் பனியில் 155 கிலோ வண்டி புதைந்தால், இறங்கி நிற்பவரும் இடுப்பளவு புதைவார். மைனஸ் 15 டிகிரியில் வியர்க்க வியர்க்கத் தோண்டி, அந்த வியர்வை உடம்பில் குளிர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சரிவில் புதைந்தால் இன்னும் மோசம். பனிச்சரிவு அபாயமுள்ள இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பது மலை விதி. ஒருவர் மாட்டிக்கொண்டால் உதவப் போகிறவர்களும் அதே சரிவில் நிற்க நேர்கிறது. ஆகவே சரியான நீளம் என்பது கூட வருகிறவர்களின் பாதுகாப்பும்தான்.

என் சிபாரிசு

எடைமேடையில் முழு உடையோடு காட்டும் எண்ணை வைத்துச் சொல்கிறேன். ஆழமான தூள் பனியில் ஓட்டுபவர்களுக்கும் 450 சி.சி. அல்லது அதற்கு இணையான வண்டிக்கும் இது பொருந்தும்:

85 கிலோ வரை 120 போதும். 85 முதல் 105 கிலோ வரை 129. மர இடுக்குகளே பிரதானம் என்றால் இவர்கள் 120இலும் சமாளிக்கலாம். 105க்கு மேல் 137. திறந்த மலைச்சரிவுகளில் ஓட்டுகிறவர் என்றால் 95லேயே 137 பற்றி யோசிக்கலாம்.

நீளம் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்தாவிட்டால் பின்பக்கம் அமிழ்ந்து, ஸ்கீ வானத்தைப் பார்க்கும். அந்த நிலையில் 137 டிராக்கின் முன்பகுதி பனியைச் சரியாகத் தொடாது. காசு கொடுத்து வாங்கிய பரப்பு வீணாகும். ஆகவே முதலில் ஸ்பிரிங், அடுத்து முன் ரெயிலைக் கட்டிவைக்கும் பட்டையின் நீளம், கடைசியாக டிராக் இறுக்கம். இந்த மூன்றையும் ஓட்டுநரை ஏற்றி உட்காரவைத்துச் சரிபார்க்க வேண்டும். பனிச்சரிவு அறிவிக்கும் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இல்லாமல் மலைக்குப் போகவே கூடாது. எடையைக் குறைக்கிறேன் என்று இவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போவது தற்கொலைக்குச் சமம்.

தம்பி, தங்கைகளே! நீங்கள் ஸ்னோ பைக்கைத் தொடாமலே ஒரு முழு வாழ்நாள் வேலை பார்க்கலாம். ஆனால் ஒரு வாடிக்கையாளர் உங்கள் முன்னால் வந்து, "என் உடம்புக்கு இது சரிப்படாது" என்று சொல்லும் நாள் கட்டாயம் வரும். அது ஸ்கூட்டராக இருக்கலாம், நாற்காலியாக இருக்கலாம், ஏணியாக இருக்கலாம். அப்போது அவர் உடம்பைப் பார்க்காதீர்கள். தாளையும் பேனாவையும் எடுங்கள். எத்தனை கிலோ, எத்தனை சதுர செ.மீ. என்று கேளுங்கள். இயந்திரத்தை மனிதனுக்கு ஏற்ப அமைப்பதற்காகத்தான் நமக்கு மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள்.



- பழைய மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு